அணையிலும் ஆற்றிலும் விடும் மீன்கள் எதைத் தின்னும், எப்போது தின்னும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவானிசாகர், மேட்டூர், அமராவதி, ஆழியாறு என்று கொங்கு நாட்டு அணைகளிலும் அவற்றை ஒட்டிய ஆறு, வாய்க்கால், குளங்களிலும் தூண்டில் போடுகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. மலைமேல் நீலகிரியில் விடப்படும் டிரவுட் மீனைப் பற்றியும் பலர் கேட்பதால் அதுவும் இடையில் வருகிறது.

அணையில ஃபிஷரீஸ்காரங்க குஞ்சு விடறாங்களே, அதெல்லாம் என்ன மீனுங்க?

பெரும்பாலும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்று பெருங்கெண்டைகள். கூடவே சாதா கெண்டை, சில இடங்களில் புல்கெண்டை, வெள்ளிக்கெண்டை. இவற்றில் எதுவும் காவிரிக்கோ பவானிக்கோ பிறந்த மீன் அல்ல. முதல் மூன்றும் வடநாட்டு ஆறுகளின் மீன்கள். சாதா கெண்டையில் கண்ணாடிக் கெண்டை ரகம் 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது. சமவெளிக்கு ஏற்ற பாங்காக் ரகம் 1957-ல் வந்தது. புல்கெண்டையும் வெள்ளிக்கெண்டையும் இந்தியாவுக்குள் வந்தது 1959-ல்.

ஒரு காலத்தில் பெருங்கெண்டைக் குஞ்சு வேண்டுமானால் வெள்ளக் காலத்தில் ஆற்றில் அள்ளித்தான் ஆக வேண்டும். 1957 ஜூலை 10 அன்று மீன் விஞ்ஞானி ஹீராலால் சௌத்ரி ஹார்மோன் ஊசி போட்டு இந்தக் கெண்டைகளை முட்டையிட வைத்த பிறகுதான், லட்சக்கணக்கில் குஞ்சு பொரித்து அணைகளில் விடுவது சாத்தியமாயிற்று.

ஜிலேபி மீனை (திலாப்பியா) இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 1952-ல் நாட்டுக்குள் வந்தது, அதன் பிறகு தானாகவே பெருகிக்கொள்கிறது. அமராவதி அணையில் பல காலம் வலைக்கு அதிகமாக வந்ததே ஜிலேபிதான்.

எல்லாமே ஒரே தண்ணியில கிடக்குது. அப்புறம் ஏன் ஒண்ணு மாவு எடுக்குது, ஒண்ணு புழு எடுக்குது, ஒண்ணு எதையுமே எடுக்கறதில்லை?

வாயைப் பாருங்கள். பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது.

கட்லாவுக்கு வாய் மேல்நோக்கித் திறக்கும், பெரிய வாய், மீசை கிடையாது. செவுளுக்குள் சீப்புப் பல் போல நெருக்கமான இழைகள் இருக்கும். வாயைத் திறந்து தண்ணீரை உள்ளே வாங்கி, அந்த இழைகளில் நுண்ணுயிர்களை வடித்துத் தின்னும் மீன் அது. தண்ணீரின் மேல்பாதியில் மிதக்கும் நீர்த்தெள்ளு போன்ற பொடி உயிர்கள்தான் அதன் முக்கியச் சாப்பாடு. புழுவைத் தேடித் தரைக்குப் போவது அதன் பழக்கமே இல்லை.

ரோகுவின் வாய் சற்றே கீழ்நோக்கி இருக்கும், உதட்டில் தொங்கட்டான் போல விளிம்பு. கல், கட்டை, முங்கிய செடி ஆகியவற்றின் மேல் படிந்த பாசியையும் அழுகிய இலையையும் சுரண்டித் தின்னும். நடுத்தண்ணீர் மீன் என்று புத்தகத்தில் போட்டிருந்தாலும், மேய்வது ஏதாவது ஒரு பரப்பை ஒட்டித்தான். வெறும் நடுத்தண்ணீரில் இரையைத் தொங்கவிட்டுக் காத்திருப்பதைவிட, முங்கிய மரத்தையோ பழைய கரைக்கல்லையோ ஒட்டிப் போடுவது நல்லது.

மிர்கால் தரை மீன். சேற்றின் மேல்படலத்தில் மக்கிக் கிடப்பதை உறிஞ்சும். மண்ணும் சேர்ந்தே உள்ளே போகும்.

சாதா கெண்டையும் தரையில்தான் மேயும், ஆனால் மிர்காலைப் போல மேலோட்டமாக அல்ல. வாயைக் குழாய் போல நீட்டிச் சேற்றுக்குள் குடைந்து ரத்தப்புழு, மண்புழு, சின்ன நத்தை என்று தேடும். நத்தை ஓட்டை நொறுக்கத் தொண்டைக்குள் பல் உண்டு. நான்கு மீசையும் ருசி பார்க்கத்தான்.

மீதிப் பதில் குடலில் இருக்கிறது. கெண்டை இனம் எதற்கும் இரைப்பை கிடையாது. தொண்டையிலிருந்து நேரே குடல்தான். ரோகு, மிர்கால் போன்றவற்றுக்கு அது உடம்பைவிடப் பல மடங்கு நீளம். ஒரே வாயில் நிறைய விழுங்கிச் சேர்த்துவைக்க இடமில்லை என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கத் தின்னும். விராலோ வாளையோ அப்படியல்ல, பெரிய இரையை ஒன்று விழுங்கிவிட்டுச் சும்மா கிடக்கும். கெண்டைக்கு எவ்வளவு இரை தூவுவது என்ற கேள்விக்கும் இந்தக் குடல்தான் பதில்.

போன வாரந்தான் குஞ்சு விட்டாங்க. உடனே தூண்டில் போட்டா மாட்டுமா?

மாட்டும் அளவிலேயே இருக்காது. விடுவது விரலளவு குஞ்சு, சுமார் 10 செ.மீ. அதற்கும் சிறிதாக விட்டால் கெளுத்தியும் விராலும் நீர்க்காகமும் தின்றது போக மிச்சம் கொஞ்சம்தான் நிற்கும். நல்ல தீனி உள்ள தண்ணீரில் கட்லா 1 கிலோவைத் தொட ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகும். விட்ட குஞ்சைப் பிடிப்பது சட்டத்துக்கும் ஆகாது, அடுத்த ஆண்டு மீன்பிடிப்புக்கும் ஆகாது.

ஆனால் விட்ட முதல் சில நாளில் குஞ்சு என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. பண்ணையில் அது தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவில் கலந்த தீனி தின்று வளர்ந்தது. ஏற்றி அனுப்புவதற்கு முந்தின நாள் தீனியை நிறுத்திவிடுவார்கள். குடல் காலியாக இருந்தால்தான் பையில் கழிவு சேராமல், ஆக்சிஜன் தாங்கும். ஆகவே அணைக்கு வந்து சேரும்போது அது பட்டினி. ஆனாலும் அலைக்கழிந்த அதிர்ச்சியில் உடனே தின்னாது. கரையோரத்தில் கூட்டமாக ஒதுங்கி நிற்கும், அதுவே பறவைக்கு வசதி.

பஞ்சாயத்துக் குளத்திலோ சொந்தக் குட்டையிலோ விடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான்: பையை அவிழ்க்காமல் 15–20 நிமிடம் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். பிறகு குளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றிக் கலக்குங்கள். பின் பையைச் சாய்த்துக் குஞ்சு தானாக நீந்திப் போகும்படி விடுங்கள். காலையிலோ பொழுது சாயும்போதோ மட்டும் விடுங்கள். உச்சி வெயிலில் கரையோரத் தண்ணீர் சுட்டுக்கிடக்கும். பையின் நீருக்கும் அதற்கும் உள்ள வெப்ப வித்தியாசத்திலேயே குஞ்சு மல்லாந்துவிடும்.

ஊட்டிப் பக்கம் விடற டிரவுட்டும் இப்படித்தானா?

இல்லை. அது வேறு ஜாதி, வேறு வயிறு. வானவில் டிரவுட் வட அமெரிக்காவின் மேற்குக்கரை மீன். வெள்ளைக்காரர்கள் தூண்டில் பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்தது. 1907-ல் எச்.சி. வில்சன் என்ற மீன்வள நிபுணர் ஊட்டி அருகே அவலாஞ்சியில் பொரிப்பகம் ஏற்படுத்திய பிறகுதான் நீலகிரி ஓடைகளில் அது காலூன்றியது. அதற்கு இரைப்பை உண்டு, கண்ணால் பார்த்து வேட்டையாடும், அசைவம்.

பண்ணை டிரவுட்டுக்குச் சாப்பாடு என்றால் மேலிருந்து விழும் குருணைத் தீனி. ஓடையில் விட்டதும் அந்தப் பழக்கம் ஒரே நாளில் போகாது. குருணை அளவில் எது மிதந்து வந்தாலும் கவ்விப் பார்க்கும்: சுள்ளி, விதை, சின்னக் கல், இலைத்துண்டு. முதல் நாட்களில் பிடித்த மீனை அறுத்தால் வயிற்றில் இந்தக் குப்பைதான் அதிகம். தின்பது குறைவு, அலைவது அதிகம் என்பதால் முதல் வாரங்களில் எடை இறங்கும்.

ஓடையிலேயே பிறந்த டிரவுட் பாறைக்குப் பின்னால் தண்ணீர் மந்தப்படும் இடத்தில் நின்றுகொண்டு, பக்கத்து வேகநீர் அடித்துவரும் பூச்சியை மட்டும் எட்டிப் பிடிக்கும். செலவு குறைவு, வரவு அதிகம். புதிதாக விட்டதற்கு அந்தச் சூட்சுமம் தெரியாது. விட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே, ஓட்டம் குறைந்த கசத்தில் (ஆழமான மடுவில்), கூட்டமாக நிற்கும். நாள் போகப்போகத்தான் கல்லடிப் பூச்சிப்புழு, ஒருநாள் பூச்சி, சரிவிலிருந்து விழும் வெட்டுக்கிளி, எறும்பு என்று பழகும். பிழைத்துப் பெரிதானவை சின்ன மீனையும் தின்னத் தொடங்கும்.

ஆகவே புதிதாக விட்ட மீனுக்கு மந்தநீரில் மேல்மட்டத்தில் மெல்ல இறங்கும் சிறு இரை. பழகிய மீனுக்கு ஓட்டத்தின் விளிம்பில் இயல்பாக மிதந்து வரும் பூச்சித் தூண்டில். இரை தண்ணீரோடு சேர்ந்து போக வேண்டும். தங்கூசி (தூண்டில் நைலான் நூல்) இழுத்து இரை குறுக்கே ஓடினால் பழகிய டிரவுட் திரும்பிக்கூடப் பார்க்காது.

அந்த டிரவுட்டைப் பவானியில மேட்டுப்பாளையம் பக்கம் விட்டா வளருமா?

வளராது. 10–16 டிகிரி செல்சியஸில்தான் டிரவுட் நன்றாகத் தின்னும். 20-ஐத் தாண்டினால் தீனி குறையும். 25-ஐ ஒட்டினால் உயிர் பிழைப்பதே பாடு. சமவெளிப் பவானி அதற்குக் கொதிநீர்.

எந்த நேரத்துல நல்லாத் தின்னும்?

கெண்டைகள் 25 முதல் 32 டிகிரி வரை நன்றாகத் தின்னும். நம் பக்கத்தில் மார்கழி, தை மாதத்துக் குளிரில் தண்ணீர் ஆறிக் கிடக்கும் காலை வேளையில் மந்தமாக இருக்கும். அந்த மாதங்களில் விடியலுக்கு முன் போய்க் குளிரில் நடுங்குவதில் லாபமில்லை; பத்து மணிக்கு மேல் வெயில் விழும் ஆழம் குறைந்த கரை நல்லது. சித்திரை, வைகாசியில் நேர்மாறு. மேல்தண்ணீர் சுட்டுவிடும், மீன் ஆழத்துக்கு இறங்கும், காலை ஒன்பது மணிக்குள்ளும் மாலை ஐந்துக்கு மேலும்தான் கரைக்கு வரும்.

வெப்பத்தோடு ஆக்சிஜனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கெண்டைக்குக் கவலையில்லை. 3-க்குக் கீழே போனால் எவ்வளவு ருசியான மாவும் வீண். காற்றடித்து அலை புரளும் கரையில் ஆக்சிஜனும் சேரும், மிதக்கும் நுண்ணுயிர்களும் அந்தப் பக்கமே ஒதுங்கும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று வீசும்போது ஆழியாறு, திருமூர்த்திப் பக்கம் காற்று மோதும் கிழக்குக் கரையைத் தேர்ந்தெடுங்கள். எறிவது சிரமம்தான், ஆனால் மீன் அங்கேதான்.

விடியக்காலையில குளத்துல மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துட்டு நிக்குது. ஆனா தூண்டில எடுக்கவே மாட்டேங்குது?

அது தின்னவில்லை, மூச்சு வாங்குகிறது. பச்சைப்பசேலென்று பாசி பிடித்த குளத்தில் பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடும், இரவெல்லாம் அதுவே உறிஞ்சும். விடிவதற்குச் சற்று முன்புதான் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகும். சாக்கடை கலக்கும் ஊர்க் குளங்களில் இது அடிக்கடி நடக்கும், முந்தின நாள் மப்பாக இருந்திருந்தால் இன்னும் மோசம். வெயில் ஏறி, மீன் கீழே போன பிறகு, பதினொரு மணிவாக்கில் அதே இடத்தில் போட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட காலையில் தவிடு, மாவு எதையும் அள்ளிக் கொட்டாதீர்கள். அது அழுகி மிச்ச ஆக்சிஜனையும் தின்றுவிடும்.

அணையில தண்ணி ஏறுனா நல்லதா, இறங்குனா நல்லதா?

மெதுவாக ஏறும் தண்ணீர்தான் பொற்காலம். பவானிசாகரில் நீர் வற்றிய காலத்தில் உள்பக்க நிலத்தில் புல்லும் செடியும் முளைத்துக் கிடக்கும், சில இடத்தில் வெள்ளாமையே நடக்கும். தென்மேற்குப் பருவமழையில் பவானியும் மோயாறும் பெருகி அந்த நிலம் முங்கும்போது மண்புழு, எறும்பு, பூச்சி, விதை எல்லாம் மீனுக்கு விருந்து. சாதா கெண்டையும் ரோகுவும் முழங்கால் ஆழத்துக்கே வரும். புதிதாக முங்கிய புல் விளிம்பில் மண்புழுவைப் போடுங்கள்; கடலில் எறிவது போல நடு அணைக்கு எறிய வேண்டியதில்லை.

அதே புல் ரெண்டு மூணு வாரத்தில் அழுகத் தொடங்கும். அழுகலின் மேல் பாசிப்படலம் பிடித்ததும் ரோகு அதை விடாமல் மேயும். அப்போது புழுவைவிட மாவு எடுபடும்.

இறங்கும் தண்ணீர் வேறு கதை. வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் கீழ்பவானி வாய்க்கால் திறந்த பிறகு மட்டம் இறங்க ஆரம்பித்தால், கரையோரத் தீனி வெயிலில் காய்ந்து போகும். மீன் பழைய ஆற்றுத்தடத்துக்கும் கசத்துக்கும் பின்வாங்கும். நேற்று மாட்டிய இடம் இன்று வெறும் சேறு என்றால் அதற்கு இதுதான் காரணம். பரிசல்காரரிடம் பழைய ஆற்றுத்தடம் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டு அந்த விளிம்பில் போடுங்கள்.

பில்லூர் அணைக்குக் கீழே பவானியில் நிலவரம் மணிக்கணக்கில் மாறும். மின்சாரம் எடுக்கத் தண்ணீர் விட்டால் ஆறு திடீரென்று உயரும். மட்டம் ஏறத் தொடங்கும் முதல் அரை மணி மீன் ஆவேசமாகத் தின்னும் என்பது உண்மை. ஆனால் அந்த அரை மணிக்காகப் பாறை மேல் நிற்காதீர்கள். மேட்டுப்பாளையத்தில் ஆளை அடித்துப் போவது இந்தத் தண்ணீர்தான்.

புதுத்தண்ணி கலங்கலா வருது. தூண்டில் போடலாமா?

போடலாம், ஆனால் எதற்கு என்று தெரிந்து போடுங்கள். கட்லாவின் நுண்ணுயிர்த் தீனி கலங்கலில் சிதறிப்போகும், அதை மறந்துவிடுங்கள். சாதா கெண்டையும் கெளுத்தியும் கண்ணை நம்புவதில்லை, மீசையால் தேடும். ஓட்டம் கரையில் மோதித் திரும்பும் சுழி ஓரத்தில், தரையோடு, ரெண்டு மண்புழுவைக் கோர்த்துப் போட்டால் போதும். செம்மண் குழம்பாக ஓடும் முதல் நாளைவிட, நீர் தெளியத் தொடங்கும் ரெண்டாம், மூன்றாம் நாள் மேல்.

ரோகு, மிர்காலுக்கு மாவு எப்படிப் பிசையறது? அளவோட சொல்லுங்க.

ரெண்டு வேண்டும்: தூவும் மாவு, முள்ளில் கோர்க்கும் மாவு. இரண்டையும் ஒன்றாகப் பிசைவதுதான் பொதுவான தவறு.

தூவும் மாவு: கடலைப் புண்ணாக்கு 250 கிராம், நெல் தவிடு 250 கிராம், ராகி மாவு 50 கிராம். புண்ணாக்கை முந்தின இரவே இடித்துப் பொடியாக்கி, முங்கும் அளவு தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் தவிட்டை வெறும் சட்டியில் வாசம் வரும் வரை வறுத்து ஆறவைத்துக் கலக்குங்கள். அணைத் தண்ணீரையே தெளித்துப் பிசையுங்கள். எலுமிச்சை அளவு பிடித்தால் கையில் நிற்க வேண்டும், தண்ணீரில் போட்டால் ரெண்டு நிமிடத்தில் கலைய வேண்டும். கலையாமல் கல்லாகக் கிடந்தால் ராகி அதிகம். விழும்போதே சிதறினால் தவிடு அதிகம். பூஞ்சை பிடித்த புண்ணாக்கு வேண்டாம், மாட்டுக்கே ஆகாதது மீனுக்கும் ஆகாது.

கோர்க்கும் மாவு: ராகிக் களிதான் இந்த ஊருக்கு உகந்தது. 1 டம்ளர் தண்ணீர் கொதித்ததும் முக்கால் டம்ளர் ராகி மாவைக் கொட்டிக் கிளறி, நன்றாக வெந்ததும் இறக்கி, சூட்டோடு 2 தேக்கரண்டி புண்ணாக்குத் தூள் சேர்த்துப் பிசையுங்கள். வெந்த களி முள்ளில் 20 நிமிடம் நிற்கும். பச்சை மைதா 5 நிமிடத்தில் கரைந்து, வெறும் முள்ளோடு காத்துக்கிடப்பீர்கள். சுண்டைக்காய் அளவு உருட்டி 6 அல்லது 8 எண் முள்ளில், முனை லேசாகத் தெரியும்படி வையுங்கள். முனை மாவுக்குள் புதைந்தால் ரோகு உறிஞ்சித் துப்பிவிடும், முள் ஏறாது. தங்கூசி 0.30 மி.மீ. போதும், 5 கிலோவுக்கு மேல் மீன் உள்ள இடமென்றால் 0.40.

தூவும் அளவுதான் முக்கியம். வந்ததும் 4 அல்லது 5 உருண்டை, பிறகு 20 நிமிடத்துக்கு ஒன்று. அவ்வளவே. ரெண்டு கிலோவை மொத்தமாகக் கொட்டுகிறவர்கள் உண்டு. மேலே சொன்னபடி கெண்டைக்குச் சேர்த்துவைக்க இரைப்பை இல்லை. தரையில் குவிந்து கிடப்பதை மெல்ல மேயும், நடுவில் இருக்கும் உங்கள் ஒரு உருண்டையைத் தொட அதற்கு எந்த அவசரமும் இல்லை. கொட்டிவிட்டுக் கடிக்கவில்லை என்று புலம்புவதில் பொருளில்லை.

கட்லா பக்கத்துலயே புரளுது, மாவை மட்டும் தொடறதில்லையே?

தரையில் கிடக்கும் மாவு அதற்குச் சாப்பாடாகவே தெரியாது. கட்லாவுக்கு வேண்டியது தண்ணீரில் புகைபோல் பரவும் மாவு. பொட்டுக்கடலை மாவு 200 கிராம், மிக நைசாகச் சலித்த தவிடு 200 கிராம், மைதா 50 கிராம்; தண்ணீர் குறைவாகத் தெளித்து உதிரியாகப் பிடியுங்கள். எலுமிச்சை அளவு உருண்டையைச் சுற்றி 4 சிறு முட்களை குட்டை நூலில் தொங்கவிட்டு, தக்கையிலிருந்து 1 முதல் 1.5 மீட்டர் ஆழத்தில் நிறுத்துங்கள். மாவு கரையக் கரைய மேகம் போலப் படரும். கட்லா அந்த மேகத்தை நீரோடு சேர்த்து உள்ளே இழுக்கும்போது முள்ளும் கூடவே போகும்.

10 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் புதிதாக உருண்டை பிடிக்க வேண்டும். மாவு போன பிறகு முள் மட்டும் தொங்குவதில் பயனில்லை. ஆழத்தை மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள்: வெயில் ஏற ஏற நுண்ணுயிர்கள் கீழே இறங்கும், கட்லாவும் இறங்கும். மப்பு நாளில் மேலேயே நிற்கும். கடி வந்தால் தக்கை முங்குவதைவிடச் சாய்ந்து படுப்பது அதிகம். அப்போதே இழுங்கள்.

புல்கெண்டைக்கு என்ன போடறது?

புல்தான்.

விரலளவைத் தாண்டியதும் செடி தின்னத் தொடங்கி, வளர்ந்தது ஒரு நாளில் தன் எடையில் பாதிக்கும் மேல் தின்றுவிடும். வேலம்பாசி, அசோலா, இளம் அருகம்புல், கோ-4 தீவனப்புல்லின் கொழுந்து, சோளத் தட்டையின் இளந்தோகை எல்லாம் பிடிக்கும். ஆகாயத்தாமரையைச் சீந்தாது, அது மூடிக் கிடக்கும் நொய்யல் ஆற்றுக் குளங்களைச் சுத்தம் செய்யப் புல்கெண்டை விடலாம் என்ற யோசனை அங்கேயே அடிபடும். கொழுந்து இலையை விரல் நீளத்துக்கு நறுக்கி, மடித்து, 4 எண் முள்ளில் ரெண்டு தடவை குத்தி, ஈயம் இல்லாமல் மேலே மிதக்கவிடுங்கள். நிழல் தண்ணீரில் விழாத இடத்தில் நில்லுங்கள். இவ்வளவு கூச்சம் உள்ள கெண்டை வேறில்லை.

வெள்ளிக்கெண்டை?

அது பாசித் துகளை வடித்துத் தின்பது. தூண்டிலுக்கு வந்தால் அது தற்செயல்.

ஜிலேபி எதை வேணா திங்குமா?

ஏறத்தாழ ஆமாம்: பாசி, புழு, மாவு, சோறு, மற்ற மீனின் முட்டை. ஆனால் எல்லா ஜிலேபியும் எந்நேரமும் தின்னாது. பெண் ஜிலேபி முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். அந்த ரெண்டு வாரம் அல்லது அதற்கும் மேல் பட்டினிதான். ஆழம் குறைந்த கரையில் தட்டு வடிவில் குழி தெரிந்தால் அது ஆண் தோண்டிய கூடு. அங்கே புழுவைப் போட்டால் ஆண் பாய்ந்து கவ்வுவது பசியால் அல்ல, விரட்டத்தான். எடை வேண்டுமானால் கூடு உள்ள மேட்டை விட்டு, பாசி படர்ந்த கல்வரிசை ஓரம் போடுங்கள்.

பொடிமீன் கொத்தியே மாவைத் தீத்துடுது. என்ன பண்றது?

மாவை விட்டு, கொத்த முடியாத இரைக்கு மாறுங்கள். கொண்டைக்கடலையை 12 மணி நேரம் ஊறவைத்து, விரலில் நசுங்கும் வரை வேகவைத்து, ஒன்று முள்ளிலும் இருபது தரையிலுமாகப் போடுங்கள். சாதா கெண்டை அதைத் தேடி வரும், பொடிக்கெண்டை நகர்ந்துவிடும். மக்காச்சோளமும் அப்படியே. ஊறாத, வேகாத பயறு வேண்டவே வேண்டாம், மீனின் குடலுக்குள் போய் உப்பும்.

கடையில விக்கற எசென்ஸ் ஊத்துனா கடி அதிகமாகுமா?

வாங்குகிறவரின் கை மணக்கும். புண்ணாக்கு வாசமே போதும்.

நம்ம தண்ணியில மீன் இப்ப என்ன திங்குதுன்னு உறுதியாத் தெரிஞ்சுக்க வழி உண்டா?

உண்டு. இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. பிடித்த முதல் மீனை அங்கேயே அறுத்துக் குடலைப் பாருங்கள்.

கெண்டைக்கு இரைப்பை இல்லாததால் வாயை அடுத்த முதல் மூன்றில் ஒரு பங்குக் குடலை மட்டும் வெட்டுங்கள். பின்பகுதியில் இருப்பது செரித்த கூழ், அதில் ஒன்றும் தெரியாது. வெள்ளைத் தட்டில் பிதுக்கிக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பரப்புங்கள். பச்சைக் குழம்பென்றால் பாசி மேய்கிறது, மாவுக்கு வரும். சாம்பல் நிறச் சேறும் மணலும் என்றால் தரை மேய்ச்சல். செந்நிறத் துண்டுகள் ரத்தப்புழு, மண்புழுவுக்கு மாறுங்கள். ஓட்டுத்தூள் இருந்தால் நத்தை தின்னும் சாதா கெண்டை, கற்கரையைத் தேடுங்கள். கட்லாவின் குடலில் வெறும் கண்ணுக்குப் பழுப்புக் கூழ்தான் தெரியும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் நீர்த்தெள்ளின் ஓடுகள். உங்கள் மாவே உள்ளே இருந்தால் தூவுவதைப் பாதியாகக் குறையுங்கள். குடல் காலி என்றால் இரையை மாற்றுவதில் பயனில்லை, நேரத்தை மாற்றுங்கள்.

குடலைத் திரும்பத் தண்ணீரில் வீசாதீர்கள். குழி தோண்டிப் புதையுங்கள்.

இப்படி வெளிமீனை விடறதால நம்ம ஊர் மீனோட தீனி போயிடாதா?

போகிறது, எல்லாவற்றாலும் ஒரே அளவில் அல்ல. கட்லா மேயும் திறந்த நடு அணையில் அதற்குச் சமமான சொந்தப் பெருமீன் இல்லை. அங்கே மோதல் குறைவு. ரோகுவும் மிர்காலும் நம் ஊர் மீன்களான சேல்கெண்டை, கல்பாசு மேயும் அதே கல்லையும் சேற்றையும் மேய்கின்றன. அணை அளவில் இதைத் தாங்கலாம், குறுகிய ஆற்றில் தாங்காது. ஜிலேபிதான் பெரிய சிக்கல், முட்டையிலிருந்தே மற்றதை ஒழிக்கும்.

எல்லாவற்றையும்விட மோசம், தொட்டியில் வளர்த்த ஆப்பிரிக்கக் கெளுத்தியை மனமிரங்கி ஆற்றில் விடுவது. அகப்பட்ட எதையும் தின்னும், அதன் வளர்ப்புக்கு 2000-ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் தடை வந்துவிட்டது. மோயாற்றில் மாசீர் மாட்டினால் உடனே, தண்ணீரை விட்டுத் தூக்காமலேயே, முள்ளைக் கழற்றி விடுங்கள். அங்குள்ள திமில் மாசீர் அழிவின் விளிம்பில் இருக்கும் மீன்.

அனுமதி வேணுமா?

வேண்டும். பவானிசாகர், அமராவதி, ஆழியாறு அணைகளின் மீன் உரிமை தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தது. முதலில் அங்குள்ள அலுவலகத்தில் கேளுங்கள். ஏரி, குளமென்றால் குத்தகைதாரரைக் கேளுங்கள். வனத்துக்குள் இருக்கும் கரைக்கு வனத்துறையின் சொல்லே முடிவு, நீலகிரியின் டிரவுட் ஓடைகளுக்கும் அப்படியே. அமராவதியிலும், மோயாறு சேரும் பவானிசாகர்ப் பக்கமும் முதலை உண்டு. முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று எறிவதும், பிடித்த மீனைக் கயிற்றில் கோர்த்துக் காலடியில் தொங்கவிடுவதும் கூடாது.

பிடிச்ச மீன்ல சேத்து வாடை அடிக்குது. திங்கற தீனியாலதானே?

பாதி உண்மை. நீலப்பச்சைப் பாசியும் சேற்றில் வாழும் சில நுண்ணுயிர்களும் வெளிவிடும் ஜியோஸ்மின் என்ற பொருள்தான் அந்த வாடை. தின்னும் பாசி வழியாகவும் போகும், அதைவிட அதிகமாகச் செவுள் வழியாக நீரிலிருந்தே ஏறும். அதனால்தான் ஒரே குளத்தில் மிர்கால் மட்டுமல்ல, கட்லாவும் நாறும்; ஓடும் ஆற்றில் பிடித்த மிர்கால் நாறாது.

உயிரோடு இருந்தால் சுத்தமான நீருள்ள தொட்டியில் தீனி இல்லாமல் சில நாள் விட்டால் இறங்கிவிடும். வெட்டியதென்றால் தோலையும், தோலடிக் கொழுப்பையும், வயிற்றின் உள்பக்கக் கறுப்புச் சவ்வையும் முழுக்க எடுங்கள். வாடை தங்குவது பெரும்பாலும் கொழுப்பில். பிறகு புளித்த மோரிலோ புளித்தண்ணீரிலோ அரை மணி ஊறவைத்து, ரெண்டு தண்ணீர் அலசிவிட்டுக் குழம்பில் போடுங்கள். புளிப்பு அந்தப் பொருளைச் சிதைக்கும். வெறும் மஞ்சள்தூள் தடவுவது வாடையை மறைக்குமே தவிர எடுக்காது.